குறைந்தால் ஊற்றினால் போதுமா?

பிரேக் ஒயில் பற்றி எமது சாரதிகளுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள்

மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் பஞ்சரத பவனியைக் காணாத குடும்பம் எமது பகுதியில் குறைவு. எந்த ஊர்த் தேரானாலும் வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இருப்பர். முட்டுக்கட்டையைக் கையில் ஏந்திச் சில்லின் அருகே குனிந்து நடப்பவர்களோ நான்கைந்து பேர்தான். தேரை நகர்த்துவது வடம். அதை உரிய இடத்தில் நிறுத்துவது அந்தக் கட்டை. வடம் பிடித்தவரை ஊர் பாராட்டும். கட்டை போட்டவரின் பெயர் எவருக்கும் தெரியாது.

எமது வாகனங்களிலும் இதே கதைதான். ஒரு வேனையோ முச்சக்கர வண்டியையோ வாங்கச் செல்பவர் எஞ்சினைக் கேட்பார், பெயின்டைத் தட்டிப் பார்ப்பார், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று விசாரிப்பார். "பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டவரை நாம் இதுவரை சந்திக்கவில்லை. கேட்டாலும், விற்பவருக்குப் பதில் தெரிந்திருக்காது. இந்த இதழில் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறோம்.

எமது பாதைகளின் இயல்பு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில், மாத்தளையைத் தாண்டியதும் வருவது பலாபத்வல. இங்கிருந்து ஒரு பாதை வஹகோட்டை வழியாகக் கலேவெலைக்குப் பிரிகிறது. புனித அந்தோனியார் திருநாளுக்குச் செல்லும் வேன்களும் பஸ்களும் இப்பாதையில் போவதைப் பலரும் அறிவர். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்ததும் இந்த வடக்குப் பாதையால்தான். அவர்கள் நடந்து ஏறிய ஏற்றத்தில் இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் வாகனத்தில் இறங்குகிறார்கள்.

மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே நாவுல, தம்புள்ளை நோக்கிப் போனால் பாதை தாழ்ந்துகொண்டே போகிறது. தெற்கே கண்டிக்குப் போனால் பலகடுவ ஏற்றமும் வளைவுகளும் உண்டு. கிழக்கே இறத்தோட்டை வழியாக றிவர்ஸ்டனுக்கு ஏறினால் 1,000 மீற்றரையும் தாண்டிய மலைப்பாதை. இவற்றுக்கிடையே தோட்டங்களுக்குள் போகும் கிளைப் பாதைகளுக்குக் கணக்கில்லை. ஏற்றத்துக்கு எஞ்சின் வேண்டும். இறக்கத்துக்குப் பிரேக் வேண்டும். ஏறிய வாகனம் எல்லாம் இறங்கித்தான் ஆகவேண்டும்.

மலைநாட்டு இறக்கங்கள் எத்தனை உயிர்களைக் கேட்டிருக்கின்றன என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ஒரு பஸ், வேன், முச்சக்கர வண்டி ஆகியன மோதியதில் 7 பேர் இறந்தனர். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து குறைந்தது 15 பேர் மாண்டனர். இரு விபத்துக்களின் பின்னரும் பிரேக் பற்றிய கேள்வி எழுந்தது. பெரிய பஸ்களுக்கும் லொறிகளுக்கும் பொதுவாகக் காற்றமுக்கத்தால் இயங்கும் பிரேக் உண்டு. அவற்றின் பராமரிப்பு வேறு. நாம் இங்கு பேசுவது எமது ஊர்களில் அதிகமாக ஓடும் சிறு வாகனங்களைப் பற்றி: முச்சக்கர வண்டி, கார், வேன், சிறு லொறி. இவற்றில் சாரதியின் பாதத்துக்கும் சில்லுக்கும் இடையே நிற்பது ஒரு திரவம் மாத்திரமே.

ஊசிக்குழாய் சொல்லும் பாடம்

வீட்டில் பாவித்துக் கழித்த, ஊசி இல்லாத மருந்துச் சிறிஞ்ச் ஒன்றை எடுங்கள். அதில் காற்று சிறிதும் இல்லாமல் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் இறுக மூடிக்கொண்டு தண்டை அழுத்துங்கள். தண்டு அசையாது, விரலில்தான் அமுக்கம் தெரியும். இப்போது ஒரு காற்றுக் குமிழி உள்ளே இருக்கும்படி விட்டு மறுபடி அழுத்துங்கள். தண்டு உள்ளே போகும். விரலுக்கு வரும் அமுக்கமோ குறைவு. குமிழி சுருங்கி உங்கள் பலத்தை விழுங்கிவிட்டது.

பிரேக்கின் இரகசியம் முழுவதும் இதுதான். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாத் திசையிலும் சமமாகச் செல்லும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பஸ்கால் எடுத்துக்காட்டினார். ஆரம்பகால மோட்டார் வாகனங்களில் கம்பிகளும் தண்டுகளுமே பிரேக்கை இழுத்தன. நான்கு சில்லும் ஒரே அளவில் பிடிப்பது அரிது. 1921இல் அமெரிக்காவின் டூசன்பேர்க் கார் நான்கு சில்லுகளுக்கும் திரவ பிரேக்கோடு வெளிவந்தது. பின்னர் உலகெங்கும் அதுவே வழக்கமாயிற்று.

நீங்கள் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளுகிறது. அத்திரவம் மெல்லிய குழாய்களினூடாகச் சில்லுகளுக்குச் சென்று, பேட்டை டிஸ்க்கின் மீதோ லைனிங்கை டிரம்மின் மீதோ அழுத்துகிறது. குழாயில் திரவம் மட்டும் இருந்தால் உங்கள் பாதத்தின் பலம் அப்படியே சில்லுக்குப் போகும். காற்றோ நீராவியோ புகுந்தால், பெடல் மெத்தையை மிதித்ததுபோல் கீழே போகும்.

தண்ணீர் குடிக்கும் எண்ணெய்

நாம் 'ஒயில்' என்று சொன்னாலும் இது எஞ்சின் ஒயிலைப் போன்ற எண்ணெய் வகை அன்று. பெரும்பாலான வாகனங்களில் பாவிக்கும் பிரேக் திரவம் கிளைக்கோல் எனும் இரசாயன வகையைச் சேர்ந்தது. இதற்கு ஒரு சுபாவம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலத்தான் இதுவும். தாங்கியின் மூடியிலுள்ள சிறு காற்றுத் துவாரம், ரப்பர்க் குழாய்கள் ஆகியவற்றினூடாக ஈரம் மெல்ல மெல்ல உள்ளே சேர்கிறது. வாகனம் ஓடினாலும் சேரும், கொட்டகையில் நின்றாலும் சேரும். எனவே இதற்குக் கிலோமீற்றர்க் கணக்கு உதவாது. ஆண்டுக் கணக்கே வேண்டும்.

ஈரம் சேர்ந்தால் என்ன கெடும்? இரண்டு கெடும்.

முதலாவது, கொதிநிலை இறங்கும். போத்தலில் 'டொட் 3', 'டொட் 4' என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இது தர அடையாளம். டொட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. சுமார் 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்த பின் அதற்கு நிர்ணயித்த கொதிநிலை 140 பாகைதான். டொட் 4 திரவத்துக்கு இவ்வெண்கள் 230, 155. நூறு பங்கில் நாலு பங்கும் இல்லாத தண்ணீர் 65 முதல் 75 பாகை வரையான பாதுகாப்பைத் தின்றுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, உட்பாகங்கள் துருப்பிடிக்கும். மாஸ்டர் சிலிண்டரின் அல்லது வீல் சிலிண்டரின் வழுவழுப்பான உட்சுவரில் துரு சிறு குழிகளைத் தோண்டும். அதில் உரசும் ரப்பர் சீல் கிழியும். பிறகு கசிவு. ஒரு போத்தல் திரவத்தின் செலவை மிச்சப்படுத்தியவர், சிலிண்டரையே மாற்ற நேரிடும்.

இறக்கத்தில் நடப்பது என்ன?

ஓடும் வாகனத்தை நிறுத்துவதென்றால் அதன் சக்தியை வெப்பமாக மாற்றுவது என்று பொருள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு வேன் 300 மீற்றர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிவரும் சக்தி, சாதாரண வெப்பநிலையிலுள்ள 14 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. எஞ்சினும் காற்றும் சில்லுகளின் உராய்வும் அதில் ஒரு பங்கை ஏற்கும். சாரதி நியூட்ரலில் விட்டுப் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், பெரும்பங்கு பேட்டிலும் லைனிங்கிலும்தான் இறங்கும். அவ்வெப்பம் சிலிண்டருக்குள் இருக்கும் திரவத்துக்கும் பரவும்.

புதிய திரவமாயின் தாங்கிக்கொள்ளும். ஈரம் குடித்த பழைய திரவமாயின் கொதித்து நீராவிக் குமிழி உண்டாகும். ஊசிக்குழாயில் பார்த்த குமிழியே இது. அதுவரை ஒழுங்காக இருந்த பெடல், அடுத்த வளைவில் தரைவரை போய்விடும்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. வாகனம் நின்று, பிரேக் ஆறிய பிறகு அந்த நீராவி மறுபடி திரவமாகிவிடும். பெடல் பழையபடி இறுகும். அடுத்த நாள் கராஜில் பார்க்கும்போது கசிவும் இல்லை, உடைவும் இல்லை. "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்பார் பாஸ். குற்றம் செய்த கை தடயமின்றி மறைந்துவிடுகிறது. பழி சாரதியின் தலையில் விழுகிறது.

பெடல் இறுக்கமாக இருந்தும் வாகனம் நிற்காமல் இழுத்துக்கொண்டு போனால், கருகிய நாற்றமும் வந்தால், அது வேறு கோளாறு: லைனிங் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. பெடல் மென்மையாகிக் கீழே போனால், திரவத்தில் ஆவியோ காற்றோ புகுந்திருக்கிறது. இல்லையெனில் கசிவு உண்டு. இந்த வேறுபாட்டைக் கராஜில் சொல்லத் தெரிந்தால் பாஸுக்கு அரைவாசி வேலை முடிந்துவிடும்.

'குறைஞ்சா ஊத்திக்கிறேன்'

ஞாயிறு திருப்பலி முடிந்து நின்ற ஒரு பாடசாலை வேன் சாரதியிடம் இது பற்றிப் பேச்சுக் கொடுத்தோம். "ஃபாதர், நான் மாசா மாசம் பாக்குறேன். குறைஞ்சா ஊத்திக்கிறேன். அப்புறம் என்ன?" என்றார். அருகில் நின்ற கராஜ் பாஸ் கேட்டார்: "தம்பி, ஊத்துறீங்க சரி. ஏன் குறையுதுன்னு பாத்தீங்களா?"

கட்டுரை முழுவதையும் அந்த ஒரு கேள்வியில் அடக்கிவிடலாம். எஞ்சின் ஒயில் எரிந்து குறையலாம். பிரேக் திரவமோ மூடிய பாதையில் இருப்பது. அது எரிவதில்லை, செலவாவதும் இல்லை. மட்டம் இறங்குவதற்கு இரண்டே காரணங்கள் உண்டு.

ஒன்று, பேட்டும் லைனிங்கும் தேய்வது. தேயத் தேயப் பிஸ்டன் முன்னே வந்து நிற்கும்; அந்த வெற்றிடத்தை நிரப்பத் திரவம் கீழே போகும். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தால் இதுவாக இருக்கலாம். அப்போது மட்டத்தை நிரப்புவதைவிட லைனிங்கைப் பார்ப்பதே முக்கியம். தேய்ந்திருக்கும்போது மேல் கோடு வரை நிரப்பிவிட்டால், புதுப் பேட் போடும் நாளில் திரவம் பொங்கி வழியும். பட்ட இடத்தில் பெயின்டையும் உரித்துவிடும்.

மற்றது, கசிவு. ஒரு வாரத்தில், ஒரு நாளில் குறைந்தால் சந்தேகமே வேண்டாம், எங்கோ ஒழுகுகிறது. சில்லின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறதா, ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறதா, பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டரின் அடியில் ஈரம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிளச்சும் திரவத்தால் இயங்கும் சில வாகனங்களில் இரண்டுக்கும் ஒரே தாங்கி இருக்கலாம். அப்போது கிளச் பக்கமும் பார்க்க வேண்டும். கசிவைக் கண்டபின் ஊற்றிக்கொண்டு ஓடுவது, ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே ஆற்றைக் கடப்பதற்குச் சமம்.

மாதத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம்

கருவிகள் வேண்டியதில்லை. ஒரு சுத்தமான துணியும் பகல் வெளிச்சமும் போதும்.

1. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஆறவிடுங்கள். காரிலும் வேனிலும் தாங்கி பெரும்பாலும் சாரதி பக்கத்தில், போனட்டின் கீழோ டாஷ்போர்ட்டின் அருகிலோ இருக்கும். முச்சக்கர வண்டியில் இடம் வேறு. தெரியாதவர் ஒருமுறை கராஜில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

2. தாங்கியின் பக்கத்தில் இரு கோடுகள் இருக்கும். மட்டம் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். வெளியிலிருந்தே தெரிந்தால் மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறப்பதும் ஈரத்துக்கு அழைப்பு.

3. திறக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் மூடியையும் சுற்றுப்புறத்தையும் துணியால் துடையுங்கள். தூசி ஒன்று விழுந்தாலும் அது போய்ச் சேருவது சிலிண்டருக்கே.

4. நிறத்தைப் பாருங்கள். புதிய திரவம் தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். பிளேன்டீயின் நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. ஆயினும் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. தெளிவாகத் தெரியும் திரவத்திலும் தண்ணீர் இருக்கலாம். சில கராஜ்களில் ஈரத்தை அளக்கும் பேனா போன்ற சிறு கருவி உண்டு. அதுவும் இல்லையென்றால் திகதிதான் சாட்சி.

5. எஞ்சினை நிறுத்திய நிலையில் பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டு, பின் அழுத்தி அரை நிமிடம் வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் கசிவோ மாஸ்டர் சிலிண்டர்க் கோளாறோ உண்டு. பஞ்சுபோல் இருந்தால் காற்று இருக்கிறது. மிதித்தபடியே எஞ்சினை இயக்கும்போது பெடல் சற்றுக் கீழே போனால் பயப்பட வேண்டாம். பூஸ்டர் உள்ள வாகனத்தில் அது இயல்பு.

6. ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால், ஓடத் தொடங்குமுன் மட்டத்தைப் பாருங்கள். அந்த விளக்கின் வயரைக் கழற்றிவிட்டு ஓடுவோரும் உண்டு. அது நாயின் வாயைக் கட்டிவிட்டுக் கள்ளனுக்குக் கதவைத் திறந்து வைப்பது போலாகும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுதல்

வாகனத்தோடு வந்த கைநூலில் வேறு காலம் குறிப்பிடப்பட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். நூல் இல்லாதோர் இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளத்தில் நின்ற வாகனமாயின் காலத்தைப் பார்க்கவே கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளத்தில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. அவற்றில் எஞ்சினைக் கழுவிய பலர் பிரேக் திரவத்தை மறந்திருப்பர். அத்தகைய வாகனத்தைப் பாவிப்பவர்கள் இன்றே கராஜுக்குக் கொண்டு செல்லுங்கள்.

மாற்றும் வேலையைத் தெரிந்த பாஸிடமே கொடுங்கள். ஆனால் என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்களும் தெரிந்திருக்க வேண்டும். தாங்கியில் உள்ளதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவது மாற்றுவது ஆகாது. கொதிப்பது சில்லின் பக்கத்திலுள்ள பழைய திரவம்தான். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லின் பின்னாலுள்ள நிப்பிளில் குழாய் மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது திரவம் உள்ள போத்தலில் அமிழ்த்தி, நிப்பிளைத் தளர்த்துவார். பழையது வெளியேறும். நிப்பிளை இறுக்கிய பின்னரே பெடலை விட வேண்டும். முந்தி விட்டால் காற்று உள்ளே போகும். குமிழி நின்று, தெளிந்த புதுத் திரவம் வரும்வரை இதைத் தொடர வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லில் தொடங்குவது பொது வழக்கம். எமது நாட்டு வலப்பக்கச் சாரதி வாகனங்களில் அது பெரும்பாலும் இடது பின்சில்லு. சில வாகனங்களில் வரிசை மாறும். ஏ.பி.எஸ். உள்ள சிலவற்றுக்குக் கணினிக் கருவியும் வேண்டும். வேலை நடக்கும் நேரம் முழுவதும் தாங்கி வற்றாமல் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். வற்றினால் காற்றுப் புகுந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க நேரிடும்.

ஒரு காருக்கோ வேனுக்கோ பெரும்பாலும் ஒரு லீற்றர் போதும். முச்சக்கர வண்டிக்கு அதிலும் குறைவு.

செய்யக் கூடாதவை

எஞ்சின் ஒயில், கியர் ஒயில், தேங்காயெண்ணெய் எதையும் 'அவசரத்துக்கு' ஊற்றாதீர்கள். எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். பின்னர் ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றுவது பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

டொட் 3ஐயும் டொட் 4ஐயும் கலக்கலாம். ஆனால் டொட் 4 கேட்கும் வாகனத்துக்கு டொட் 3 ஊற்றினால் தரம் இறங்கும். டொட் 5 என்பது சிலிக்கன் வகை. அதை இவற்றோடு கலக்கவே கூடாது. டொட் 5.1 பெயரில் ஒத்திருந்தாலும் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தது. கடையில் வாங்கும்போது எண்ணை வாசித்து வாங்குங்கள்.

திறந்து பல மாதம் வைத்த மிச்சப் போத்தலைப் பாவிக்காதீர்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் உள்ளே புகுந்த காற்றின் ஈரம் அதற்குப் போதும்.

சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்கவே வேண்டாம். இது நஞ்சு. நிறம் பிள்ளைகளை ஏமாற்றும். கண்ணிலோ தோலிலோ பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கழித்த திரவத்தைக் கானில் ஊற்றாதீர்கள். எமது ஓடைகள் சுது கங்கைக்கும், அங்கிருந்து அம்பன் கங்கை வழியாக மகாவலிக்கும் போகின்றன. கீழே வயல் செய்கிறவரும் குளிக்கிறவரும் எமது அயலவர்தான். பெயர் எழுதிய கலனில் சேர்த்துக் கழிவு ஒயில் எடுக்கும் சேவை நிலையத்திடம் கொடுங்கள்.

இறங்கும் முறை

நல்ல திரவம் இருந்தாலும் இறங்கும் முறை தவறினால் பயனில்லை. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியர் என்பது பழைய சாரதிகளின் வாய்ப்பாடு. எஞ்சின் வாகனத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிரேக்குக்கு இடையிடையே ஆற நேரம் கிடைக்கும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விட்டுவரும் பழக்கம் சிலரிடம் தொற்றிக்கொண்டது. பூஸ்டர் உள்ள வாகனத்தில் எஞ்சின் நின்றால், ஓரிரு மிதிப்புக்குப் பின் பெடல் கல்லாகிவிடும். மிச்சமாகும் சில துளி எரிபொருளுக்கு இது மிக அதிக விலை.

எல்லாம் மீறிப் பெடல் கீழே போய்விட்டால்: விரைவாகப் பலமுறை மிதியுங்கள், சிறிது அமுக்கம் திரும்பக் கூடும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் கம்பியால் இயங்குவது. திரவம் கைவிட்டாலும் அது இருக்கும். அதைப் படிப்படியாக இழுங்கள். ஹோர்னையும் விளக்கையும் இயக்கி எதிரே வருபவரை எச்சரியுங்கள். பள்ளத்தின் பக்கம் போகாமல், மலைப் பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தப் பாருங்கள். வாகனம் கெட்டாலும் திருத்தலாம்.

சான்றிதழ் பார்க்காததை யார் பார்ப்பது?

2008ஆம் ஆண்டு முதல், வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது புகையைத்தான் பார்க்கிறது. பிரேக் ஒயிலின் வயதை அங்கு எவரும் கேட்பதில்லை. இதற்கிடையே 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் எமது பாதைகளில் ஓடியவை எல்லாம் பழைய வாகனங்களே. உதிரிப்பாகங்களின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. உழைப்பவர் 'ஓடும்வரை ஓடட்டும்' என்று விட்டதை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வாகனங்களில் ஏறுகிறவர்கள் யார்? விடியற்காலையில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள், மாத்தளை வைத்தியசாலைக்கு விரையும் கர்ப்பிணித் தாய்மார், சந்தைக்குப் போகும் முதியோர். பெடலை மிதிப்பவர் ஒருவர். அதை நம்பியிருப்பவர் பத்துப் பேர்.

எனவே இதை ஒருவர் பொறுப்பாக விடாமல் ஊர்ப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, அட்டை. தபாலட்டை அளவுள்ள ஒரு மட்டையில் வாகன இலக்கம், பிரேக் ஒயில் மாற்றிய திகதி, தரம், அடுத்த திகதி ஆகிய நான்கையும் எழுதிச் சாரதி ஆசனத்தின் அருகே ஒட்டிவையுங்கள். வாகனம் கைமாறினாலும் அட்டை பேசும்.

இரண்டாவது, கூட்டுக் கொள்வனவு. முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் உள்ள இருவர் அல்லது மூவர் சேர்ந்து ஒரு புதுப் போத்தல் வாங்கி, ஒரே நாளில், ஒரே கராஜில் மாற்றிக்கொள்ளட்டும். செலவு பங்காகும், போத்தலில் மிச்சம் இருந்து ஈரம் குடிக்கவும் வழியில்லை. மாதம் ஒரு சிறு தொகையைச் சங்க உண்டியலில் போட்டுவந்தால், இரண்டாண்டு முடிவில் எவருக்கும் பாரமாக இராது.

மூன்றாவது, கேள்வி. பிள்ளைகளை வேனில் அனுப்பும் தாய்மார் மாதாந்தக் கட்டணம் கொடுக்கும்போது, "தம்பி, பிரேக் ஒயில் மாத்தி எவ்வளவு நாளாச்சு?" என்று கேளுங்கள். சண்டைக்காகக் கேட்க வேண்டாம், அக்கறையோடு கேளுங்கள். கட்டணத்தில் சில ரூபாயைக் குறைக்கச் சொல்லி நெருக்கும் நாமே, சாரதியின் பராமரிப்புச் செலவையும் வெட்டுகிறோம் என்பதையும் நினைவில் வைப்போம். மாற்றும் மாதத்தில் பெற்றோர் எல்லோரும் ஒரு சிறு பங்கைக் கூடக் கொடுத்தால், அப்பணம் போய்ச் சேருவது தங்கள் பிள்ளைகள் ஏறும் வேனுக்கே.

முன்னர் சொன்ன அந்த வேன் சாரதி, பாஸ் கேட்டதற்கு உடனே பதில் சொல்லவில்லை. சிறிது யோசித்துவிட்டு, "மாத்தினதா எனக்கு ஞாபகமே இல்லையே, பாஸ்" என்றார். "அப்போ செவ்வாய்க்கிழமை பிள்ளைங்கள இறக்கிவிட்டுட்டு வாங்க" என்றார் பாஸ். உங்கள் ஊரிலும் ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்குமுன் அது அமைந்தால் மேலும் நல்லது.